முத்துராணி பேரில் ஒரு நோய்

வந்த நோயை வந்தது என்று காட்டுவதில் சிரமம் இல்லை. காய்ச்சலுக்குச் சூடு உண்டு, அம்மைக்குத் தழும்பு உண்டு. வராத நோயை வரவில்லை என்று ஒருவர் எப்படிக் காட்டுவது? எதை எடுத்துக்கொண்டு போய் யார் மேசையில் வைப்பது?

1996-ஆம் வருஷம் வைகாசி மாதத்தில் இசக்கியம்மாவின் எதிரே வந்து நின்ற கேள்வி இதுதான். அவள் இதை இப்படிச் சொல்லாகக் கோத்துக் கேட்டவள் அல்ல. கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய் பாயும் ஒரு சிற்றூரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அப்போது வயது நாற்பது. அவள் புருஷன் பிச்சைக்கண்ணு, அந்த ஊரில் பழைய நிலக்காரக் குடும்பமான சிவசைலம் வீட்டு வயலில் வேலை பார்த்தான். ஒரே மகள் முத்துராணி.

ஊரில் இசக்கியம்மாவைச் சந்தேகக்காரி என்பார்கள். பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, “இது சேரமாதேவிக்கு உள்ளதுதானா, பாத்துச் சொல்லுங்க” என்பாள். அவர் பார்த்துச் சொன்னதும், அதே டிக்கெட்டை அடுத்த சீட்டுக்காரரிடம் நீட்டுவாள். ரேஷன் கடைத் தராசுத் தட்டை நிமிர்த்தி அடியைத் தடவிப் பார்ப்பாள். கோயில் கொடைத் திருவிழாவில் ஆடுகிற சாமி குறி சொன்னாலும், “போன வருசமும் இதையேதான சொன்னீரு?” என்று கேட்பாள். நல்லவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லவேண்டும் என்று அவள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

சந்தேகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிதில், தெருவிளக்கு கேட்டு மனு எழுதுகிறோம் என்று ஒருவர் வந்து வீடு வீடாகப் பெருவிரல் ரேகை வாங்கிப் போனார். விளக்கு வரவில்லை. தெருக் கிணற்றை மூடிவிட எங்களுக்குச் சம்மதம் என்று எழுதிய தாளில் அந்த ரேகைகள் இருந்தன. கிணற்றை மூடியபிறகு நாலு வருஷம் அவள் கால்வாய்க்கு நடந்து தண்ணீர் சுமந்தாள். ஒவ்வொரு குடத்துக்கும் தன் பெருவிரலைத்தான் அவள் திட்டியிருக்க வேண்டும்.

ஆகவே, தொண்ணூற்றிரண்டில் ஊருக்கு அறிவொளி வகுப்பு வந்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் அவள். படிப்பின் மேல் ஆசையால் அல்ல. இனி ஒருவனும் தன் விரலைப் பிடித்து உருட்டக்கூடாது என்பதற்காக. மாலையில் பள்ளிக்கூட வராந்தாவில் பாடம். சொல்லிக்கொடுத்தது அந்தப் பள்ளியின் ஆசிரியை சண்முகசுந்தரி. சிவசைலத்தின் மனைவி. மற்றவர்கள் எழுத்துக் கூட்டிப் பழகும்போது இசக்கியம்மா தன் பெயரை மட்டும் எழுதித் தரச்சொன்னாள். டீச்சர் ஒரு சிலேட்டில் எழுதிக் கொடுத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு மாதம் வரைந்தாள். கடைசி எழுத்தின் காலைக் கீழே இழுத்து, இடப்பக்கம் திருப்பி, பெயருக்கு அடியில் வரப்பு வெட்டியதுபோல ஓடவிட்டு, முடிகிற இடத்தில் ஒரு புள்ளி. டீச்சர் தன் கைப்பழக்கத்தில் போட்ட கோடு அது. இசக்கியம்மா அதையும் எழுத்தென்றே எடுத்துக்கொண்டாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

“அந்த வாலை விட்டுரு இசக்கி, அது வேண்டியதில்ல” என்று டீச்சரே ஒருநாள் சொன்னாள்.

“இருக்கட்டும் டீச்சரம்மா. வாலு இல்லாம எவனும் போட்டான்னா அது நானில்லன்னு தெரியும்லா.”

முத்துராணி பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் உதவிச் செவிலியர் பயிற்சிக்கு எழுதிப்போட்டாள். ஒரு வருஷம் படிப்பு, பிறகு அங்கேயே வேலை. நேர்முகத்தில் நன்றாகப் பதில் சொன்னாள். எடுத்துவிடுவார்கள் என்று வெளியே நின்ற ஆயாகூடச் சொன்னாள். நாலாம் நாள் வந்த கடிதம் வேறு சொன்னது. உடல்தகுதி இன்மையால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. மறுப்பு இருந்தால் ஜூன் பன்னிரண்டாம் தேதிக்குள் நேரில் தெரிவிக்கலாம்.

முத்துராணி அதை இரண்டு தடவை வாசித்தாள். இசக்கியம்மா மூன்றாம் தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

“ஏட்டி, இங்கன வா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஒடம்புல என்ன?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாமயா அச்சடிச்சு அனுப்புவான்? போன மாசம் எப்பத் தலைக்கு ஊத்துன?”

முத்துராணிக்கு அந்தக் கேள்வியின் அடி புரிய ஒரு நொடி ஆயிற்று. “பெத்தவ கேக்குற கேள்வியா இது?” என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டைத் தள்ளிவைத்தாள்.

பிச்சைக்கண்ணு மனைவியிடம் சொன்னான்: “நீ நாத்துப் புடுங்கி வீணாப்போன, ஏளா. போலீசுல சேந்திருந்தா இந்நேரம் ஜில்லாவுல ஒரு களவு இருக்காது. பெத்த பிள்ளையவா இப்படிக் கேப்ப?”

“நான் கேக்கலன்னா நாளைக்கு ஊரு கேக்கும். நீரு சும்மா இரியும்.”

மூன்று நாள் அவள் மகளைக் கண்காணித்தாள். கொடியில் என்ன துணி காய்கிறது, குளிக்க எவ்வளவு நேரம், யாரோடு பேச்சு எல்லாம் பார்த்தாள். மகள் மேல் குற்றம் இல்லை என்று தெரிந்தபிறகு அந்தச் சந்தேகத்தை அவள் கீழே போடவில்லை. அப்படியே தூக்கி மருத்துவமனை மேல் வைத்தாள். எவனோ பெரிய இடத்துப் பிள்ளைக்கு இடம் வேண்டும், அதற்காக இவளைக் கழித்திருக்கிறார்கள். ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, தன் கல்யாணத்துக்கு அடித்த மஞ்சள் நோட்டீஸ் உட்பட வீட்டில் இருந்த காகிதம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பழைய நோயாளிகளின் கோப்புகள் இருக்கும் அறை மருந்தகத்துக்குப் பின்னால் இருந்தது. இடுப்பளவு பாதிக் கதவு. உள்ளே கூரை வரைக்கும் கட்டுக் கட்டாகத் தாள். நடுவில் நேசையா என்ற எழுத்தர். முப்பது வருஷமாக அந்த அறைக்குள் இருந்து, காகிதத்தின் நிறத்துக்கே வந்துவிட்ட மனிதர். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“காரணமெல்லாம் சொல்ல முடியாதும்மா. நோயாளி விவரம் வெளிய போகக் கூடாது.”

“நோயாளி யாரு?”

“இந்தப் பிள்ளைதான்.”

“அவதான் இந்தா நிக்காளே. அவகிட்டச் சொல்லுங்க.”

“பதினெட்டு ஆகலையே. பெத்தவங்ககிட்டத்தான் சொல்லலாம்.”

“அப்ப எங்கிட்டச் சொல்லுங்க.”

“நீங்கதான் தாயாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இசக்கியம்மாவுக்கு அந்த ஆளை அப்போதுதான் பிடித்தது. பையைக் கவிழ்த்தாள். நேசையா ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு தடவை பார்த்தார். ரேஷன் கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கல்யாண நோட்டீஸை மட்டும் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். மகளின் மருத்துவக் குறிப்பைப் பார்க்கத் தாய் கேட்டுக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தது. முத்துராணி வாசித்துக் காட்ட, இசக்கியம்மா நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, வாலும் புள்ளியுமாகத் தன் பெயரை எழுதினாள்.

நேசையா பரணிலிருந்து ஒரு கோப்பை இறக்கினார். தூசி தட்டினார். படிவத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார்.

“வலிப்பு” என்றார். “எம்பத்தி நாலு ஆகஸ்ட். அஞ்சு வயசு. ரெண்டு வருசம் வைத்தியம். இதை மறைச்சுப்புட்டு, பெரிய நோய் எதுவும் வந்ததில்லன்னு விண்ணப்பத்துல எழுதினா எப்படி? ராத்திரி வார்டுல இவளை நம்பித்தான உசிர ஒப்படைக்கணும்?”

“எனக்கா?” என்றாள் முத்துராணி.

“பேரு முத்துராணி. தகப்பன் பேரு பிச்சைக்கண்ணு. ஊரும் உங்க ஊருதான். தொண்ணூத்தொண்ணுல கை ஒடிஞ்சு இங்க வந்தேன்னு நீயே எழுதியிருக்க. அந்த நம்பரைத் தேடினேன், அதுக்கு முந்தின இதுவும் கூட வந்துச்சு.”

முத்துராணி தாயைப் பார்த்துத் திரும்பினாள். போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டு இசக்கியம்மா பார்த்த அதே பார்வை. “எம்மா, எனக்கு வலிப்பு வந்துச்சா? தெரியாம மறைச்சு வச்சியா?”

“சவத்தக் கெட… வந்தா எனக்குத் தெரியாதா? ஐயா, எம் பிள்ளைக்கு அப்படி ஒண்ணும் வரல. அந்த வருசம் நாங்க இந்தத் தெசைக்கே வரல.”

“வராமத்தான் கையெழுத்துப் போட்டீங்களோ?” நேசையா கோப்பை அவள் பக்கம் திருப்பினார். பழுத்த தாளில், மங்கிய ஊதா மையில், தாயார் கையெழுத்து என்ற இடத்தில் இசக்கியம்மா என்று இருந்தது. கடைசி எழுத்தின் கால் கீழே இறங்கி, இடப்பக்கம் திரும்பி, பெயருக்கு அடியில் ஓடி, ஒரு புள்ளியில் நின்றது. பக்கத்தில் இன்றைய படிவம். மை காயவில்லை. இரண்டும் ஒரு கை.

“எனக்கு அன்னைக்கு எழுதத் தெரியாதுய்யா. தொண்ணூத்திரெண்டுலதான் படிச்சேன்.”

“தெரியாதுங்கதுக்கு என்ன சாட்சி?”

அவள் யோசித்தாள். “கை ஒடிஞ்சப்ப பெருவிரல்தான் உருட்டினோம். அந்தத் தாளை எடுங்க.”

நேசையா அதையும் பொறுமையாக எடுத்தார். அதில் பிச்சைக்கண்ணு கையெழுத்துப் போட்டிருந்தான்.

நோய் வரவில்லை என்பதைக் காட்ட முடியவில்லை. எழுதத் தெரியாது என்பதையும் காட்ட முடியவில்லை. இல்லாத ஒன்றுக்கு உலகத்தில் ரசீது இல்லை. ஒரு கணம் இசக்கியம்மாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. தான்தான் என்றோ வந்து எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோனோமோ? அந்த ஊதாக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பைய நகர்த்தினாள். புள்ளிக்கு வந்தபோது விரல் நின்றது. இந்தக் கோட்டை உலகத்தில் இரண்டே பேர் போடுவார்கள். ஒருத்தி அவள்.

மற்றவளின் பெயரை அவள் நேசையாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

“இதுல ஒரு நகல் தருவியளா?” என்று மட்டும் கேட்டாள்.

“தாயாருன்னு கையெழுத்துப் போட்டாச்சு. தரத்தான் வேணும்.” ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுக்கும்போது நேசையா முதல் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். “மூலத்துல இது செவப்பு மையில இருக்கு, நகல்ல கறுப்பாப் போச்சு. ஒரு மருந்து பிள்ளைக்கு ஒத்துக்கல. ஒடம்பெல்லாம் கொப்புளிச்சு, பதினோரு நாளு வார்டுல கெடந்திருக்கு, பிழைச்சதே பெருசு. இனி ஆயுசுக்கும் அந்த மருந்தத் தொடக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு.” தன் பேனாவால் அந்த வரிக்கு அடியில் சிவப்பாகக் கோடு போட்டார். “எங்க போனாலும் இதைக் காட்டணும். மறந்துராதீங்க.”

திரும்பும் பஸ்ஸில் முத்துராணி வேறு சீட்டில் உட்கார்ந்தாள். பேட்டை தாண்டியதும் எழுந்து வந்து தாயின் காதருகே கேட்டாள்: “நெசத்தச் சொல்லு. அது உன் கைதான?”

“என் கை இல்ல. எனக்குச் சொல்லிக் குடுத்தவ கை.”

முத்துராணி தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, “சுகிர்தாவுக்கா?” என்றாள். சுகிர்தா டீச்சரின் மகள். இருவருக்கும் ஒரே வயது. ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

மறுநாள் சாயங்காலம் இசக்கியம்மா டீச்சர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனாள். சண்முகசுந்தரி துணிதுவைக்கும் கல்லருகே வாளியோடு நின்றாள். உள்ளே சுகிர்தா ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மா நகலை விரித்து, கையெழுத்து உள்ள பக்கத்தை மேலே வைத்து நீட்டினாள்.

டீச்சர் பார்த்தாள். கல்லின் மேல் உட்கார்ந்தாள். “யாருக்கும் காட்டினியா?” என்றாள்.

இது என்ன என்று கேட்கவில்லை, நானில்லை என்றும் சொல்லவில்லை. இசக்கியம்மா அதைக் குறித்துக்கொண்டாள்.

“எம் பிள்ள பேரு எதுக்கு டீச்சரம்மா?”

“மெதுவாப் பேசு… எங்க வீட்டுக்காரரோட அக்கா பையனுக்குத்தான் சுகிர்தான்னு அவ பொறந்த அன்னைக்கே பேச்சு. அந்த அக்கா வீட்டு ஆளு ஒருத்தன் அந்த ஆஸ்பத்திரியில அட்டையெல்லாம் அடுக்குற வேலையில இருந்தான். எம் பிள்ளை பேரு போட்டா மறுநாளே தெரிஞ்சு போயிரும். வலிப்புன்னு ஒரு சொல்லு வந்துட்டா, அப்புறம் அவளை எவன் எடுப்பான்? சீட்டு எழுதுறவன் ஜன்னல்ல பேரு கேட்டான். வாயில வந்ததச் சொன்னேன்.”

“வாயில வரணும்னா அதுக்கு முன்ன மனசுல இருந்திருக்கணும்லா.”

சண்முகசுந்தரி வாளியை நகர்த்தி வைத்தாள்.

“எங்க பிள்ளன்னா அந்தச் சொல்லு ஒட்டாதுன்னு நெனச்சியளோ?”

“நெனக்கவே இல்ல, இசக்கி. அதான் நெசம். உங்களைப் பத்தி நெனக்கவே இல்ல.”

அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டிருந்தால் இசக்கியம்மா நம்பியிருக்கமாட்டாள்.

“உங்ககிட்ட இருந்த சீட்டெல்லாம்?”

“மருந்தை நிப்பாட்டலாம்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே ஆத்துல விட்டுட்டேன். ஒரு துண்டு விடாம.”

“ஒத்துக்காத மருந்துன்னு ஒண்ணு எழுதியிருக்காம். அது பேரு என்ன?”

டீச்சர் வாய் திறந்தாள். அந்தப் பேர் அவள் நாக்கில் வரவில்லை. “நீளமான பேரு… இனி அது எதுக்கு? பத்து வருசமா ஒண்ணும் இல்லையே.”

“பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியவும் வேண்டாம். அடுத்த மாசம் மதுரையில காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறா. அம்பைக்கு டைப்பிங் படிக்கப் போறதுக்கே எவ்வளவு சந்தோசம் அவளுக்கு! மனசுல ஒண்ணும் இல்லாமப் போகட்டும்.”

உள்ளே பாட்டு நின்றது. “யாரும்மா?” என்று சுகிர்தாவின் குரல் கேட்டது. “யாருமில்ல, இசக்கி வந்திருக்கா” என்றாள் டீச்சர். மறுபடி பாட்டு தொடங்கியது.

“எம் மவளுக்குப் பன்னண்டாந்தேதிதான் கெடு” என்றாள் இசக்கியம்மா. “அதுக்குள்ள அவ பேருல இருக்கதை எடுக்கணும்.”

“வேற வேலை வாங்கித் தரச் சொல்லுதேன் அவங்கப்பாகிட்ட. பால்வாடியில ஆள் எடுக்காங்க…”

“வேற வேல நான் கேட்டேனா? எம் மவ பேருல இருக்கத எடுங்க. நீங்க போட்டது.”

சண்முகசுந்தரி எழுந்து உள்ளே போனாள். வரமாட்டாள் என்றுதான் இசக்கியம்மா நினைத்தாள். பின்வாசலைச் சாத்துவார்கள், பிச்சைக்கண்ணுவுக்கு நாளை முதல் வயலில் வேலை இருக்காது, இவ்வளவுதான். கால்மணி நேரம் கழித்து டீச்சர் ஒரு கடிதத்தோடு வந்தாள். ஒட்டாத உறை. தலைமை மருத்துவருக்கு எழுதியிருந்தது. அடியில் அவள் சொந்தப் பெயரும் கையெழுத்தும், அதே வாலோடு.

“டாக்டர் கையில மட்டும் குடு. வேற யார்கிட்டயும் வேண்டாம். அந்த நகலை எங்கிட்டத் தந்துரு, இசக்கி.”

“மொதல்ல வேல முடியட்டும்” என்றாள் இசக்கியம்மா. தருகிறேன் என்று சொல்லவில்லை. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் முத்துராணி அந்தக் கடிதத்தை வாசித்தாள். 1984-இல் வலிப்புக்காகக் கொண்டுவந்த குழந்தை என் மகள். பெயரை மாற்றிச் சொன்னது நான். எந்த மாதம் எந்த வார்டில் இருந்தோம், கட்டிலுக்கு எதிரே என்ன இருந்தது என்பதெல்லாம் எழுதியிருந்தது. முத்துராணிக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இல்லை. இரண்டு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை.

“சரியா வாசிச்சியா? விட்டு வாசிக்கலியே?”

“நீயே வாசி.”

மறுநாள் பாளையங்கோட்டை பஸ்ஸில் இசக்கியம்மா உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, பக்கத்தில் இருந்த வெள்ளைச்சட்டைக்காரரிடம் நீட்டப் போனாள். இன்னொருவர் வாய்வழியும் கேட்டுவிட்டால் நல்லது. அவரும் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். இசக்கியம்மா கையை மடக்கிக்கொண்டாள். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஊரு வந்துருச்சான்னு கேக்க வந்தேன்” என்றாள். ஒரு காகிதத்தை ஒரே ஒருவர் வாசித்ததை வைத்து அவள் நம்பியது அதுதான் முதல் தடவை. இதைப் பெருந்தன்மை என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். வேலை கெட்டுவிடும் என்ற பயமும் அப்படித்தான் கையை மடக்கும்.

மருத்துவர் கடிதத்தைப் படித்தார். கோப்பை வரவழைத்து வார்டையும் தேதியையும் சரிபார்த்தார். முத்துராணியிடம் சில கேள்விகள் கேட்டார். பிறகு அட்டையில் அவள் பெயரை அடித்து, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். டீச்சரின் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, கோப்புக்குள் வைக்கச் சொன்னார். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. பன்னிரண்டு வருஷம் மகள் மேல் உட்கார்ந்திருந்த ஒன்று இவ்வளவு லேசாகப் போனது இசக்கியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “அடிச்சது பின்னால தெரியுமா, மறுபடி முளைக்குமா?” என்று கேட்டாள்.

“முளைக்காது” என்றார் நேசையா. கோப்பைக் கட்டும்போது கொஞ்சம் தயங்கினார். “அன்னைக்கு உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்மா.”

“சந்தேகப்படாம விட்டிருந்தாத்தான் தப்பு.”

“சரி, அந்த நகலைத் திருப்பித் தந்துருங்க. உங்க பிள்ளையோடது இல்லன்னு ஆயிட்டு. இன்னொருத்தர் பிள்ள கடுதாசி உங்ககிட்ட இருக்கக் கூடாது.”

“வீட்டுல இருக்கு. அடுத்தவாட்டி கொண்டாறேன்” என்றாள் இசக்கியம்மா. நகல் நாலாக மடித்து அவள் இடுப்பில் செருகியிருந்தது. முத்துராணிக்கு அது தெரியும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

ஜூன் இருபதாம் தேதி முத்துராணி பயிற்சியில் சேர்ந்தாள். பாபநாசம் அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. கார் பருவ நெல் நடவு தொடங்கும் நேரம். டீச்சர் இரண்டு தடவை பிச்சைக்கண்ணு மூலம் சொல்லியனுப்பினாள்.

“ஏளா, டீச்சரு ஏதோ தாளு கேக்காவளே. குடுத்துத் தொலையேன். நடவு முச்சூடும் அவுக வயல்லதான நமக்குச் சோலி?”

“குடுக்கத்தான் போறேன்.”

“எப்ப? அறுப்புக்கா?”

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் முகம் கழுவி, வேறு சேலை கட்டி, நகலை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். டீச்சர் வீட்டுத் தெருவுக்குள் அவள் திரும்புவதைப் பிச்சைக்கண்ணு பார்த்தான். நிம்மதியாக வயலுக்குப் போனான். அவள் அந்த வீட்டு வாசலில் நின்றதைத் தெருவில் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். கம்பிக் கதவில் கையைக்கூட வைத்திருக்கிறாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, தெருவின் மறுமுனை வழியாகப் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

அம்பாசமுத்திரத்தில் அந்தத் தட்டச்சுப் பள்ளி மாடியில் இருந்தது. கீழே படிக்கட்டருகே நின்றால் மேலே பத்து இயந்திரங்கள் ஒன்றாகத் தட்டுவது கேட்கும். சத்தம் நின்றதும் பெண்கள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

“இசக்கியக்கா! நீங்க எங்க இங்கன?” என்றாள் சுகிர்தா. “முத்துவுக்கு எடம் கெடச்சிருச்சாமே? அம்மா சொன்னா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டா பாருங்க, கழுத.”

“அவளுக்கு நேரமில்ல. இந்தப் பிள்ளைகள முன்னால போகச் சொல்லு.”

சுகிர்தா தோழிகளை அனுப்பினாள். இசக்கியம்மா துணியைப் பிரித்துத் தாள்களை அவள் கையில் கொடுத்தாள்.

“செவப்புக் கோடு போட்டிருக்க எடத்த மொதல்ல வாசி. அந்த மருந்துப் பேர மனப்பாடம் பண்ணு.”

சுகிர்தா மேலே பார்த்தாள். “முத்து பேருல்லா இருக்கு?”

“பேரு மட்டுந்தான் அவளது. மத்ததெல்லாம் உன்னுது.”

சுகிர்தா சுவரில் சாய்ந்து வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பக்கம் திருப்புகிற வரைக்கும் இசக்கியம்மா நின்றாள். பிறகு சாலையைக் கடந்து, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று பலர் கேட்டார்கள். வயல் வேலை போனபிறகு பிச்சைக்கண்ணு கோபமாகக் கேட்டான். பழிக்குப் பழியா என்று முத்துராணி கேட்டாள். இல்லை, அந்தப் பிள்ளை உயிர்மேல் அக்கறையா என்றும் அவளே கேட்டாள். ஒருநாள் கால்வாய்ப் பாலத்தில் வழிமறித்துச் சண்முகசுந்தரி கேட்டாள், அழுதுகொண்டு. ஒருவருக்கும் அவள் காரணம் சொல்லவில்லை.